குறுக்கே ஓடும் வேலை

லிஃப்ட்காரர் வேலையை விடப்போவதாகச் சொன்னபோது, அவர் மனைவி சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

“மழை இல்ல, வெயில் இல்ல, உக்கார ஸ்டூல் இருக்கு. இதுக்கு மேல என்ன வேணுமாம் தொரைக்கு?”

“மேலயும் கீழயும் போயே அலுத்துப்போச்சு. சாகறதுக்குள்ள குறுக்கால போகணும். பஸ் ஓட்டப் போறேன்.”

மேனேஜரிடம் சொல்வதுதான் சிக்கல். அவர் அறை உச்சி மாடியில் இருந்தது. லிஃப்டை ஆளில்லாமல் விடக் கூடாது. மேனேஜரோ லிஃப்டுக்குள் ஆபீஸ் விஷயம் பேசமாட்டார். கடைசியில் மனைவியே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். அவர் படியேறிப் போய்ச் சொன்னார்.

“இப்ப லிஃப்ட்ல யாரு?” என்றார் மேனேஜர்.

“என் வீட்டுக்காரி சார்.”

“அப்ப அவங்களே இருக்கட்டும். நீ கெளம்பு.”

விஷயத்தைக் கேட்ட மனைவி மறுக்கவில்லை. “ரெண்டு பொண்ணுங்க மாமியார் கதை பேசிட்டு வந்தாங்க. பாதியில மாடி வந்துருச்சு. மீதிய நாளைக்குக் கேக்கணும்.”

பஸ்ஸில் முதல் நாள், முதல் நிறுத்தத்தில் அவர் பழக்கதோஷத்தில் “ரெண்டாவது மாடி” என்று குரல் கொடுத்தார்.

“மார்க்கெட்டுண்ணே,” என்றார் கண்டக்டர். ஆனால் இறங்க வேண்டியவர்கள் அதற்குள் சரியாக இறங்கியிருந்தார்கள்.

சாயங்காலம் மனைவி கேட்டாள்: “இப்ப சந்தோஷமா?”

“ஒருத்தரும் அண்ணாந்து மாடி நம்பரப் பாக்கல. எல்லாரும் ஜன்னலுக்கு வெளிய பாத்தாங்க.”

“நீங்க?”

“நான் எங்க பாக்கறது? ரோட்டப் பாத்தேன்,” என்றார். சொல்லும்போதே சிரித்துவிட்டார்.