சொந்த மசோதாவுக்கு வராதவள்

நாடாளுமன்றத்தில் என் வேலை ஜோடி சேர்ப்பது. கல்யாணத் தரகன் என்று என் மனைவி கேலி செய்வாள். ஆளுங்கட்சி உறுப்பினர் ஒருவர் வர முடியாமல் போனால், எதிர்க்கட்சியான எங்களிலும் ஒருவர் ஓட்டுப் போடாமல் வெளியே நிற்பார். எங்கள் பக்கம் ஆள் குறைந்தால் அவர்கள் நிற்பார்கள். எந்தச் சட்டத்திலும் இது கிடையாது, வெறும் வாய்ச்சொல்தான். ஸ்டாக்ஹோமில் நாங்கள் எதெதற்கோ பொய் சொல்வோம், இதில் மட்டும் சொல்வதில்லை.

இங்கெலா ஸ்டென்வால் எங்கள் கட்சி உறுப்பினர். வடக்கே கிரான்செலே ஊர்க்காரி, அங்கே பிரசவ வார்டில் மருத்துவச்சியாக இருந்தவள். வார்டை மூடினார்கள். பெண்கள் தூரத்துக் கடற்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் காரிலேயே பெற்றெடுத்தார்கள். அந்தக் கோபத்தில் தேர்தலில் நின்று ஜெயித்தும்விட்டாள். வந்ததிலிருந்து ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் அதே மசோதாதான்: இத்தனை தூரத்துக்குள் ஒரு பிரசவ வார்டு இருந்தே தீர வேண்டும். ஒவ்வொரு முறையும் தோற்றாள். "இங்கெலா மசோதா வந்தாச்சா? அப்ப பனிக்கோட்ட வெளிய எடுத்துர வேண்டியதுதான்" என்பார்கள் காபி அறையில்.

இந்த முறை சிரிப்பு நின்றுவிட்டது. ஆளுங்கட்சியின் வடக்கத்தி உறுப்பினர்கள் இரண்டு பேர் எங்களோடு வருவதாகச் சொல்லிவிட்டார்கள். எண்ணிப் பார்த்தால் இரு பக்கமும் சமம். சமமானால் சீட்டுக் குலுக்கிப் பார்ப்பது எங்கள் வழக்கம். வியாழக்கிழமை ஓட்டெடுப்பு. ஆனால் விவாதம் சீக்கிரம் முடிந்ததால் சபாநாயகர் அதைப் புதன்கிழமைக்கு மாற்றினார்.

அன்று இங்கெலா முகம் வெளுத்து என் அறைக்கு வந்தாள்.

"ஹோகான், புதன்கிழமைக்கு ரூனேக்கு ஜோடியா வெளிய நிக்கறேன்னு வார்த்த குடுத்திருக்கேன். அவன் பொண்டாட்டிக்கு ஹார்ட் ஆபரேஷன்."

"நிகழ்ச்சி நிரல் வர்றதுக்கு முன்னாடி யாராச்சும் வார்த்த குடுப்பாங்களா? அதுக்குத்தான என்னைய இங்க உக்கார வெச்சிருக்கு!"

"பன்னு தின்னுட்டு இருக்கப்ப கேட்டான். சரின்னுட்டேன்."

ரூனே அல்ம் ஆளுங்கட்சிக்காரர், மசோதாவுக்கு எதிரி. உடனே என் மூளை கணக்குப் போட்டது. அவர் இல்லை, இவள் இருந்தால் ஒரு ஓட்டில் ஜெயம். எனக்கு வெட்கமே வரவில்லை.

சொந்த மசோதாவுக்கு அவளாவது ஓட்டுப் போடட்டும் என்று, அவளுக்குப் பதில் வெளியே நிற்க ஆள் தேடி மாடி மாடியாக அலைந்தேன். தேர்தல் வருகிற நேரம், பிரசவ வார்டு ஓட்டுக்கு வரவில்லை என்ற பெயர் யாருக்கு வேண்டும்? ஒருவர் கழிவறைக்குள்ளேயே போய் ஒளிந்துகொண்டார். அவளை விடுவிக்கச் சொல்லிக் கேட்கலாமென்றால் ரூனேயின் போன் அணைந்திருந்தது.

புதன்கிழமை மணி அடித்ததும் எல்லோரும் சபைக்குள் ஓடினார்கள். இங்கெலா நடைபாதையில் மேலும் கீழும் நடந்தாள்.

"உள்ள போ இங்கெலா. போய் பட்டன அழுத்து."

"ஆபரேஷன் ரூம் வாசல்ல உக்காந்திருக்கான். நான் ஏமாத்த மாட்டேன்னு நம்பி உக்காந்திருக்கான், ஹோகான்."

"உங்க ஊர்ல கார்ல பிள்ள பெத்தவ எல்லாம் உன்னைய நம்பலையா?"

அவள் நின்றாள். கதவைப் பார்த்தாள். ஒரு கணம் போய்விடுவாள் என்றே நினைத்தேன். போகவில்லை. திரும்பவும் நடக்க ஆரம்பித்தாள். அவளை அறைய வேண்டும்போல் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது.

ஓட்டு சமமாக வந்தது. குலுக்கி எடுத்த சீட்டில் 'நிராகரிப்பு' என்று இருந்தது.

தேர்தலில் அவளை எதிர்த்தவர்கள் நாடாளுமன்றப் பதிவை அப்படியே துண்டுப் பிரசுரமாக அச்சடித்தார்கள். இங்கெலா ஸ்டென்வால்: வரவில்லை. கீழே பெரிய எழுத்தில், சொந்த மசோதாவுக்கே வராதவள். கிரான்செலேயில் அது ஒவ்வொரு வீட்டுத் தபால் பெட்டியிலும் விழுந்தது. என்ன விளக்கம் சொன்னாலும் எடுபடவில்லை.

கடைசி வாரம் ரூனே ரயிலேறி வந்தார். அவர் கட்சி போகாதே என்று சொல்லியிருந்தது. கிரான்செலே சந்தைத் திடலில், எங்கள் கூட்டத்தில், மைக்கை வாங்கிக்கொண்டார்.

"இவங்க அன்னைக்கு வெளிய நின்னது எனக்காக. உள்ள போயிருந்தா ஜெயிச்சிருப்பாங்க. என் சம்சாரம் பக்கத்துல நான் நிம்மதியா இருந்தேன்னா, அது இவங்களாலதான்."

ஜனம் கைதட்டியது. கரையேறிவிட்டோம் என்றே நினைத்தேன்.

முன்வரிசையில் நிறைமாத வயிற்றோடு நின்ற பெண் மட்டும் தட்டவில்லை.

"ரெண்டு பேருமே நல்லவங்கதான், ஒத்துக்கறேன். எனக்கு வலி எடுத்தா நான் எங்க போறது?"

ரூனே மைக்கைக் கீழே இறக்கினார். இங்கெலா மேடையிலிருந்து இறங்கி அந்தப் பெண்ணிடம் போனாள்.

"கடற்கரை ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். வலி வரட்டும்னு காத்திருக்காதம்மா, முன்னாடியே கிளம்பிடு. கார்ல பழைய துண்டு நாலஞ்சு போட்டு வெச்சுக்கோ."