ஒத்தடம்

இசக்கித்தாய் அடுப்பிலிருந்து செங்கல்லை இடுக்கியால் எடுத்துப் பழந்துணியில் சுற்றிக்கொண்டிருந்தபோது, புருஷனின் அண்ணன் நல்லகண்ணு தலையைக் குனிந்து உள்ளே வந்தார். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். கல்லைக் கொண்டுபோய்ப் புருஷனின் காலடியில் வைத்துப் போர்வையை மூடினாள்.

"தூங்குதானா?"

அவர் குனிந்து தம்பியின் மூக்கருகே விரலை வைத்தார். விரலை வெகுநேரம் விலக்கவில்லை.

"போயிட்டானே, தாயி."

சொல்லிவிட்டுத் தறிக்குழியின் விளிம்பில் உட்கார்ந்தார். ஒற்றை அறை வீடு. பாதியைத் தறி எடுத்துக்கொண்டது. மீதியில் தம்பி மருதப்பன் படுத்த பாயும் அடுப்பும்.

குரல் கேட்டு அடுத்த வீட்டுப் பிரம்மநாயகி ஓடிவந்தாள். போர்வைக்குள் கையை விட்டாள்.

"காலு சூடால்லா இருக்கு! இப்பத்தான் போயிருக்கு உசுரு."

நல்லகண்ணு நிமிர்ந்தார். "உச்சிகால மணி அடிச்சாச்சே?"

"அடிச்சு எம்புட்டு நேரமாச்சு அண்ணாச்சி."

"மணி வரைக்குந்தான் திருவோணம். பொறவு அவிட்டம். காலையில பஞ்சாங்கம் பாத்தேன்."

பிரம்மநாயகி வாயில் கை வைத்தாள். "அவிட்டத்துச் சாவுன்னா அடைப்பு! ஆறு மாசம்லா வீட்டப் பூட்டணும். போன வருசம் கீழத்தெருவுல சொவத்த இடிச்சுல்லா பொணத்த எடுத்தாவ."

"பொறக்கையிலயும் இப்படித்தான். நேரங்கெட்ட நேரத்துல வந்து அம்மையப் பாடாப் படுத்துனான்." நல்லகண்ணு சிரிக்கப் பார்த்தார். துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். "நம்ம வீட்டுக்கு வந்திரு தாயி. கஞ்சியோ கூழோ, இருக்கத குடிப்போம்."

மனதாரத்தான் சொன்னார். இசக்கித்தாய் தறியைப் பார்த்தாள். கண்ட்ரோலில் அளந்து கொடுக்கிற நூல். அலைந்து வாங்கிப் பாவு ஏற்றியது. சேலை பாதியில் நின்றது. வீட்டைப் பூட்டினால் பாவு எலிக்குத்தான். குழித்தறியைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. தறி இல்லாமல், இன்னொருத்தி போடுகிற சோற்றுக்குத் தட்டை நீட்டிக்கொண்டு ஆறு மாதம்.

மார்கழி பிறந்ததிலிருந்தே, படுக்கையில் கிடந்த அவன் கால் குளிர்ந்துவிடும். வறுத்த தவிட்டைத் துணியில் முடிந்து வைத்தால் ஒரு விரற்கடை நெய்வதற்குள் ஆறிவிடும். உப்பு ஒரு சாண் வரை தாங்கும். செங்கல்தான் ஒரு முழம் நெய்கிறவரை சூட்டை விடாது. இன்று காலையில் பால் ஊற்றினாள். பால் கடைவாய் வழியே வெளியே வந்தது. துடைத்துவிட்டாள். அதன்பிறகு அவள் தறியில் உட்காரவில்லை. கல்லை மட்டும் மாற்றினாள். மணி அடித்தது. மறுபடி மாற்றினாள்.

சொன்னால் வீடு தங்கும். ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"கால வச்சுப் பாக்காதிய அத்தான். நெஞ்சத் தொடுங்க."

அவர் நெஞ்சில் கை வைத்தார். அக்குளில் வைத்தார். கையை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். பிரம்மநாயகி போர்வையை உருவினாள். துணிப்பொட்டலம் அவிழ்ந்து கல் தரையில் உருண்டது.

"ஏட்டி, செத்தவனுக்கா ஒத்தடம் குடுத்துக்கிட்டு இருந்த?"

"காலு குளுந்து போயிருந்துச்சி."



"எப்ப?" என்றார் நல்லகண்ணு.

"காலையில பால் எறங்கல."

"மணிக்கு முன்னயா?"

"முன்னதான்."

"பொறவு ஏன் தாயி..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். பிரம்மநாயகியிடம் திரும்பினார். "திருவோணம். அடைப்பு இல்ல. நம்ம ஆளுகளுக்குச் சொல்லிட்டு வா. ஒத்தடம் கதைய விட்டுரு."

"நான் எதுக்குச் சொல்லுதேன்?" என்றாள் அவள். விளக்கு வைப்பதற்குள் கிணற்றடி முழுக்கப் பேசப்போவது அந்தக் குரலிலேயே இருந்தது. போகிற போக்கில் ஒரு செம்புத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். புகை எழுந்து கூரையில் முட்டியது.

இசக்கித்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். இடுப்பு கடுத்தது. அழுகை வரும் என்று இருந்தாள். தூக்கம்தான் வந்தது. கண்ணை இறுக்கித் திறந்தாள்.

நல்லகண்ணு தன் வேட்டி ஓரத்தைக் கிழித்தார். தம்பியின் காலடியில் உட்கார்ந்து இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டினார். முடிச்சு விழுந்தது. கை விலகவில்லை. இரண்டு உள்ளங்கைகளாலும் அந்தப் பாதங்களைப் பொத்திக்கொண்டார்.

தெருவில் பெண்களின் ஒப்பாரி நெருங்கி வந்தது. வாசலில் யாரோ, "அண்ணாச்சி, வெளிய வாரும்" என்று கூப்பிட்டார்கள்.

அவர் எழுந்திருக்கவில்லை. அவளும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.