உள்பக்கம் திறக்கும் கதவு

கதவுக்காரர் என்றால் அந்தத் தெருவில் தெரியாதவர் கிடையாது. நாற்பது வருஷம் வீடு வீடாகக் கதவு மாட்டியவர். துக்கம் விசாரிக்கப் போன வீட்டில்கூட முதலில் வாசல் கதவைத் தள்ளிப் பார்த்து, "கீல் இறங்கியிருக்கு, கவனிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். அப்பேர்ப்பட்ட மனிதர் எழுபத்துமூன்று வயதில் கதவை விட்டுவிட்டுத் தரைக்கு வந்தார். வீட்டுப்படியிலிருந்து தெருக்கதவு வரைக்கும், தோட்டத்து மண்ணின்மேல் கல்பாதை போடப் போகிறாராம்.

"மழை பெஞ்சா சேறு, செருப்பெல்லாம் போச்சுன்னு நீதானே பொலம்புவே," என்றார் மகளிடம்.

புலம்பியது உண்மைதான். அது போன வருஷம். அப்போது கேட்காத காது இப்போது, இந்தச் சனிக்கிழமை பார்த்து, ஏன் திறந்துகொண்டது என்று அவளுக்கு எரிச்சலாக வந்தது. அலமாரித் தட்டில் விரித்த காகிதத்துக்கு அடியில் அவளுக்கு வந்த வேலை உத்தரவு இருந்தது. ஐந்து மணி நேரப் பயணத்தில் ஒரு மாணவியர் விடுதி, அதில் காப்பாளர் வேலை. திங்கட்கிழமை காலை ஒன்பதுக்குள் சேராவிட்டால் பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். ஞாயிறு மாலை நான்கு மணி பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. கட்டிலுக்கடியில் பெட்டியும் தயார். அப்பாவைப் பார்த்துக்கொள்ள ஞாயிறு இரவே வருவதாகத் தம்பியும் ஒப்புக்கொண்டான். பாக்கி இருந்தது ஒன்றுதான், அப்பாவிடம் சொல்வது.

அம்மா போன பிறகு ஆறு வருஷமாக அவளுக்கு அந்த வீடும் அந்தத் தோட்டமும்தான். நாற்பத்தொரு வயதில் இதை விட்டால் இன்னொரு உத்தரவு வராது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் சொல்ல வந்தவள் வேறு எதையாவது கேட்டுவிட்டுத் திரும்பினாள்.

பாதைக்கு அளவுக் கயிறு கட்டும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். "கயித்த இழுத்துப் பிடி, தொய்யுது பாரு," என்றார் அவர்.

அவள் மண்வெட்டியை எடுத்ததும் தடுத்தார். "தோண்ட வேண்டாம். மேலாப்புல செதுக்கி, புல்லை மட்டும் எடு போதும்."

"தோண்டாம போட்டா மேடாயிடாதாப்பா?"

"மேடா இருந்தாத்தான் தண்ணி நிக்காது. நான் சொல்றதச் செய்."

பாவம், முழங்கால் வலிக்காரர், தோண்டத் தெம்பில்லை என்று நினைத்து அவள் புல்லை மட்டும் செதுக்கினாள். இரண்டு விரல் உயரத்துக்கு ஜல்லியும் மணலும் பரப்பி, திமிசுக்கட்டையால் இடித்தார்கள். அதன்மேல் இரண்டு விரல் கனமுள்ள கற்கள், வரிசைக்கு இரண்டு. ஒவ்வொரு கல்லையும் வைத்து, ரப்பர் சுத்தியலால் தட்டி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, திருப்தி வராமல் மறுபடி எடுத்து மணல் தூவினார். ஆமைகூட அலுத்துப் போகும் வேகம். சனிக்கிழமை பொழுது சாயும்போது ஆறு வரிசைதான் முடிந்திருந்தது. ஒவ்வொரு கல்லும் தன் நெஞ்சின்மேல் வைக்கப்படுவதாக அவளுக்கு இருந்தது.

ஞாயிறு காலை மூன்று தடவை "அப்பா" என்று ஆரம்பித்தாள். ஒரு தடவை ஜல்லி கேட்டார், ஒரு தடவை தண்ணீர் கேட்டார், மூன்றாம் தடவை, "அப்புறம் பேசலாம், கை வேலையா இருக்கேன்ல," என்றார்.

கடைசி இரண்டு வரிசை பாக்கி இருக்கும்போது அவளைச் சமைக்க அனுப்பிவிட்டார். அவள் திரும்பி வந்தபோது மணி இரண்டு. கற்களின் இடுக்குகளில் மணலும் சிமெண்டும் நிரப்பி, பூவாளியால் தண்ணீர் தெளித்து முடித்திருந்தார்.

"நாளைக் காலை வரைக்கும் யாரும் மிதிக்கக் கூடாது," என்றார்.

அவள் பாதையை ஒட்டி மண்ணில் நடந்து தெருக்கதவுக்குப் போனாள். தாழ்ப்பாளை நீக்கி உள்பக்கம் இழுத்தாள். கதவு ஒரு விரல் அளவு நகர்ந்து, டக்கென்று கல்லில் முட்டி நின்றது. மறுபடி இழுத்தாள். மூன்றாம் முறை இரண்டு கையாலும் இழுத்தாள். கதவுக்கும் தரைக்கும் இரண்டு விரல் இடைவெளி, பாதையோ நான்கு விரல் உயரம். சுற்றிலும் ஆள் உயர மதில், வேறு வழி கிடையாது. கனத்த மரக்கதவு, அவரே செய்து அவரே மாட்டியது, அவளால் கழற்ற முடியாது.

வேறு யாராவது செய்திருந்தால் தவறு என்று விட்டுவிடலாம். எந்த வீட்டுக்குப் போனாலும், எந்தப் பக்கம் திறக்கணும் என்று கேட்காமல் அளவுகோலைத் தொடாத மனிதர் இவர்.

"தெரிஞ்சேதான் செஞ்சீங்களா?"

அவர் சுத்தியலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "உன் தம்பி புதன்கிழமையே போன்ல உளறிட்டான். வியாழக்கிழமை கல்லுக்குச் சொன்னேன்."

"என்னை என்ன ஆடு மாடுன்னு நெனச்சீங்களா, பட்டியில அடைக்க?"

"நீ சொல்லுவேன்னு பார்த்தேன். ரெண்டு நாளா வாயையே பார்த்துட்டிருந்தேன். நீ சொல்லல. எனக்கும் கேக்க வரல."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. போய்க் கடப்பாரையை எடுத்து வந்தாள். கதவோரக் கல்லின் நடுவில் குத்தி நெம்பினாள். கல் அசையவில்லை. மறுபடி குத்தினாள். இரண்டு நாளும் அவர் தட்டித் தட்டிச் சமன் செய்த பாதை என்பது ஞாபகம் வந்தது, அதனால் இன்னும் ஓங்கிக் குத்தினாள்.

"நடுவுல நெம்பாதே, ஒடஞ்சுடும்," என்றார் பின்னாலிருந்து. "மூலையில கொடு. ஈரம் காயல, வந்துடும்."

மூலையில் கொடுத்தாள். முதல் கல் புரண்டது. அவர் குனிய முடியாமல் குனிந்து அதை ஓரமாக இழுத்துப் போட்டார். கதவோர இரண்டு வரிசையின் நான்கு கல்லும் வெளியே வந்தன. மணலையும் ஜல்லியையும் அவள் வாரித் தள்ளியதும், கதவு சத்தமே இல்லாமல் உள்பக்கம் திறந்துகொண்டது. கீலுக்கு யாரோ புதிதாக எண்ணெய் விட்டிருந்தார்கள்.

மணி மூன்றே கால். கைகழுவப் பூவாளியைத் தேடித் திரும்பினாள். அவரைக் காணோம். ஒரு நிமிஷம் கழித்து அவளுடைய பெட்டியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, தன் பாதையைத் தானே மிதித்து நடந்து வந்தார். ஈரக் கல் வரிசையில் அவருடைய கால்தடம் கடைசிவரை பதிந்திருந்தது.

"இந்த நாலு கல்லையும் தோண்டி எறக்கிப் போட்டுடறேன்," என்றார். "நீ லீவுக்கு வர்றப்போ இடிக்கக் கூடாதுல்ல."