தேவனாம்பட்டினத்தின் முதன்மைத் தொழில்

2010இல் கடலூரில் ஓர் ஆய்வு அலுவலகத்தில் மூன்று மாத ஒப்பந்தத்தில் இருந்தேன். வீடுவீடாகக் கேட்டு வந்த விடைகளை ஆர் என்ற கணினி மொழியில் அட்டவணையாக்குவது என் வேலை. புள்ளியியல் படித்துவிட்டு இரண்டு வருடம் வீட்டில் கிடந்தவள் நான். ஒப்பந்தம் நீண்டே ஆக வேண்டும்.

தொழிலைப் பிரிக்க 'ஸ்விட்ச்' என்ற கட்டளையை எழுதினேன். மீன்பிடி, விவசாயம், வியாபாரம், ஆசிரியர் என்று வரிசையாகக் கொடுத்துவிட்டால், வருகிற விடை எதோடு பொருந்துகிறதோ அங்கே போய்ச் சேரும். எதிலும் சேராததற்குக் கடைசியில் ஒரு வரி வைக்கலாம். இயக்குநர் சிவசுப்ரமணியன் வேண்டாமென்றார். 'இதர' என்று எழுதுகிறவன் சோம்பேறி என்பது அவர் கொள்கை. அந்த வரி இல்லாவிட்டால் ஆர் சண்டை போடாது, பிழை என்றும் சொல்லாது. சேராத வீட்டைச் சத்தமில்லாமல் விட்டுவிடும்.

கடலோர மீனவ ஊரான தேவனாம்பட்டினத்தில் கேட்ட நானூறு வீடுகளில் மிஞ்சியது மூன்று. இரண்டு ஆசிரியர், ஒரு மளிகைக் கடைக்காரர். ஊரின் முதன்மைத் தொழில் கற்பித்தல்.

தாள்களை எடுத்துப் பார்த்தேன். ஆள் அனுப்பியது மே மாதம், மீன்பிடித் தடைக்காலத்தில். என்ன வேலை என்று கேட்டதற்கு, கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் "சும்மாதான் இருக்கோம்" என்றிருக்கிறார்கள். எங்கள் ஆட்களும் அதை அட்சரம் பிசகாமல் எழுதி வந்திருக்கிறார்கள்.

கடைசி வரியை வைத்தேன்: எதிலும் சேராதவர் மீன்பிடி. ஒரே நிமிடத்தில் ஊர் சரியாகிவிட்டது. சிவசுப்ரமணியன் அன்றுதான் என்னைப் பார்த்துச் சிரித்தார். சிதம்பரத்தையும் முடித்துக் கொடுத்தால் ஒப்பந்தத்தை ஒரு வருடம் நீட்டுவதாகச் சொன்னார். சந்தோஷத்தில் அதே நிரலைச் சிதம்பரத்துக்கும் ஓட்டி, பார்க்காமலே அனுப்பிவிட்டேன். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. ஆத்திரக்காரிக்கும் அப்படித்தான்.

நடராஜர் கோயிலைச் சுற்றிய நான்கு வீதிகளில் மட்டும் நூற்றுப்பன்னிரண்டு மீனவர்கள். பென்ஷன்காரர்கள், படித்துவிட்டு வேலை கிடைக்காதவர்கள், எல்லாரும் சும்மாதான் இருந்தார்கள். கீழவீதி மீனவர்களில் முதல் பெயர் ஆனந்தநடராஜன், வயது எழுபத்தெட்டு. மீன் விற்கிற தெருவில்கூட நடக்காதவர். சிவசுப்ரமணியனின் மாமனார்.

மாதக் கடைசியோடு நின்றுகொள்ளச் சொன்னார்கள். என் சொந்த ஊரும் சிதம்பரம்தான்; வீடு வரும்வரை பஸ்ஸில் அழுதேன்.

அடுத்த பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுக்க ஒரு வாத்தியார் எங்கள் வீட்டுக்கு வந்தார். பெண் என்ன வேலை பார்க்கிறாள் என்று அம்மாவைக் கேட்டார்.

"சும்மாதாங்க இருக்கு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மீன்பிடின்னு போட்டுக்குங்க சார்" என்றேன்.

அவர் எழுதிக்கொண்டார். நிமிராமலே அடுத்த கேள்விக்குப் போனார்.

"சொந்தமாவா, கூலிக்கா?"

"கூலிக்குத்தான். அதுவும் மூணே மாசம்."