மிளகாய் வருவதற்கு முன்

டீச்சருக்கு அன்று வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைக்குள் நுழைந்தால் மிளகாய் டப்பாவைக் காணோம். தக்காளிக் கூடையைக் காணோம். உருளைக்கிழங்கு பையோடு பால்கனிக்கு நாடு கடத்தப்பட்டிருந்தது. நடுவில் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, பெரிய சாதனை செய்த முகத்தோடு மியூசியம் நின்றிருந்தார்.

மியூசியம் என்பது புருஷனுக்கு அவள் வைத்த பெயர். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பழைய பானை சட்டிகளுக்கு விவரக் குறிப்பு எழுதுவதுதான் அவர் வேலை. எழுதியதோடு விட்டாரா? அந்தப் பானையில் என்னதான் சமைத்திருப்பார்கள் என்று ஆராய்ச்சியில் இறங்கி, ஆராய்ச்சி கடைசியில் வீட்டு அடுப்பில் வந்து விடிந்தது. இரண்டு சட்டங்கள் போட்டிருந்தார். அந்தந்தப் பருவத்தில் விளைவதை மட்டும்தான் வாங்க வேண்டும். கப்பலேறி மிளகாய் வருவதற்கு முன் இங்கே இருந்ததை வைத்து மட்டும்தான் சமைக்க வேண்டும். போன மாதம் இப்படித்தான் டர்னிப் கிழங்கை என்னவோ செய்து போட்டார். வாயில் வைக்க வழியில்லை.

மற்ற சமயமாக இருந்தால் தலையெழுத்தே என்று விழுங்கிவிட்டுப் போயிருப்பாள். இப்போது வீட்டில் அப்பா இருந்தார்.

அம்மா போன பிறகு அவரைத் தனியே விட மனசில்லாமல் கூட்டிவந்திருந்தாள். லிஃப்ட் மெக்கானிக். எத்தனையோ மாடிகள் ஏறி இறங்கிய மனுஷன், இப்போது நாற்காலியில் கழற்றிப் போட்ட சட்டை மாதிரி கிடந்தார். சோறு இறங்கவில்லை. பெல்ட்டில் ஆணி வைத்துப் புது ஓட்டை போட்டாயிற்று. அடுத்த தடவை வரும்போதும் எடை குறைந்திருந்தால் ஆஸ்பத்திரியில் சேர்த்து மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வருகிற செவ்வாய்க்கிழமைதான் அந்த அடுத்த தடவை.

அவள் சமையலுக்கு என்ன குறை? பள்ளிக்கூடத்தில் அவள் டிபன் பாக்ஸைத் திறந்தால் மற்ற டீச்சர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வந்துவிடுவார்கள். சின்ன வயதிலேயே கரண்டி பிடித்தவள். பிடிக்காமல் என்ன செய்வது? அம்மா பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் உலகம் மறந்துபோகும். கருகல் வாடை பக்கத்து வீட்டுக்குப் போய், அவர்கள் குரல் கொடுத்த பிறகுதான் எழுந்து ஓடுவாள். அந்தச் சாப்பாட்டுக்குப் பயந்தே மகள் சமைக்கக் கற்றுக்கொண்டாள். இன்றுவரை அவள் கையில் ஒரு பாத்திரம் அடிப்பிடித்தது கிடையாது. அப்படிப்பட்டவள் பார்த்துப் பார்த்துச் செய்ததை இரண்டு வாய் வைத்துவிட்டு, நல்லாத்தான் இருக்கும்மா என்று அப்பா தட்டை நகர்த்திவிடுவார். நன்றாக இல்லை என்று திட்டினாலாவது மனசு ஆறியிருக்கும்.

இந்த லட்சணத்தில் மியூசியத்தின் சரித்திரக் கஞ்சி வேறு. பார்லி, மிளகு, உப்பு, ஒரு காய், அவ்வளவுதான். மாமாவுக்குக் காரம் ஒத்துக்கொள்ளவில்லையோ என்னவோ, ஒரே ஒரு வேளை நான் முயற்சி செய்கிறேனே என்று கெஞ்சினார். மாமனார் மேல் அவருக்கு உண்மையிலேயே பிரியம். முழுசாகத் திட்டவும் முடியாமல் செய்த அந்தப் பிரியம்தான் டீச்சருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றவள், பலகையில் மிச்சமிருந்த ஆரஞ்சு நிறத் துண்டுகளைப் பார்த்தாள்.

"இது என்னங்க?"

"பூசணி. இப்பதான் சீசன்."

"கடைக்காரர் என்ன பேர் சொல்லிக் குடுத்தாரு?"

"பரங்கிக்காய்னாரு."

"பரங்கின்னா யாரு?"

கரண்டி அந்தரத்தில் நின்றது. பரங்கி என்றால் கப்பலில் வந்து இறங்கிய அந்நியன் என்பது அவருக்குத் தெரியாததா? மிளகாய் வந்த அதே கப்பலில் வந்த காய், பெயரிலேயே ஊரைச் சொல்லிக்கொண்டு கொதித்துக்கொண்டிருந்தது.

பெயர் பின்னால் வந்திருக்கலாம், காய் முன்னாலேயே இருந்திருக்கலாம் என்று சமாளித்தபடி அவர் கூடத்துக்குப் போய் அலமாரியிலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை இறக்கினார். டீச்சர் விடவில்லை. பின்னாலேயே போய், உருளைக்கிழங்கு பாவம் வெளியே காய்கிறது, பரங்கிக்காய்க்கு மட்டும் மாப்பிள்ளை மரியாதையா என்று பிடித்துக்கொண்டாள். அங்கிருந்து டர்னிப்புக்குப் போனாள். டர்னிப்பிலிருந்து கல்யாணமான நாள் வரைக்கும் போனாள். அவரும் சளைக்காமல் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினார். இருவர் மூக்கிலும் ஒரே சமயத்தில் ஏறியது அந்த வாடை.

ஓடிப்போய்ப் பார்த்தால் சமையலறை முழுக்கப் புகை. பார்லி அடியில் கரியாக ஒட்டியிருந்தது. டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கப்பா என் கண்ணு முன்னாடியே போயிட்டிருக்காருங்க," என்றாள். "உங்களுக்கு விளையாட்டா இருக்கு."

அவர் ஏப்ரனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

யாரும் கூப்பிடாமல் அப்பா அறையிலிருந்து எழுந்து வந்தது அப்போதுதான். சுவரைப் பிடித்துப் பிடித்து வந்தவர் சமையலறை வாசலில் நின்று மூச்சை இழுத்தார். சாப்பாடு ஆயிற்றா என்று கேட்டார். ஓட்டலில் ஏதாவது வாங்கிவரச் சொல்கிறேன் அப்பா என்றாள் டீச்சர். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. தட்டை அவரே எடுத்துக்கொண்டு மேஜையில் உட்கார்ந்துவிட்டார். மியூசியம் பயந்து பயந்து பரிமாறினார்.

ஒரு வாய் தின்றார். இன்னொரு வாய். அப்புறம் கணக்கில்லை. தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் வழித்துவிட்டு நிமிர்ந்தார்.

"கேவலமா இருக்கு, மாப்ள," என்றார். "அப்படியே உங்க அத்தை சமையல்." தட்டை நீட்டினார். "அடியில ஒட்டிருக்கும் பாருங்க, அதைச் சுரண்டிப் போடுங்க."

டீச்சருக்கு வந்தது கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை. எதற்குப் பயந்து இவ்வளவு வருஷமாகக் கண்கொத்திப் பாம்பாக அடுப்பைக் காவல் காத்தாளோ, அதைத்தானே இந்த மனுஷன் தேடிக்கொண்டிருந்திருக்கிறார். எழுந்து கரண்டியை வாங்கி, கண்ணீர் வழிய வழிய அவளே சுரண்டினாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பார்லியை அடுப்பில் ஏற்றிவிட்டுத் தள்ளி நின்றாள். கொதி வந்தது. கை தானாகப் போய்த் தீயைக் குறைத்தது. சே என்று மறுபடி கூட்டினாள். இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை, கரண்டி தானாகக் கிளறிக்கொண்டிருந்தது. எத்தனை தடவை பார்த்தும் கஞ்சி அருமையாகத்தான் வந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கரண்டியை வீசிவிட்டுக் கூடத்தைப் பார்த்துக் குரல் கொடுத்தாள்.

"ஏங்க, இங்க வாங்க. அந்தப் பரங்கிக்காய் சண்டையை மறுபடி ஆரம்பிங்க. கொஞ்சம் நீளமாவே பேசுங்க."