கயிறு தொய்யும் இடம்

2019 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை, காலை பத்தே கால் மணி. குளிர்நாட்டுச் சிற்றூர் ஒன்றில், பழைய மணல் குவாரியில் நீர் தேங்கி உண்டான ஏரியில், இரண்டாவது கோபுரத்துக்கு அறுபது மீட்டர் முன்னால், நாற்பத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி அன்றைக்குப் பதினோராவது முறையாக முதுகடிபட நீரில் விழுந்தாள்.

கரையில் நின்று படம்பிடித்துக்கொண்டிருந்த, ஞாயிறுகளில் ஏரிக்கு வரும் தபால்காரர் கைபேசியைத் தாழ்த்தினார். அவள் நீந்தி வந்து பலகையோடு மரத்தளத்தில் ஏறி உட்கார்ந்து மூக்கைச் சிந்தும்வரை காத்திருந்தார்.

"அக்கா, ஏரில தண்ணி ஒரு அடி குறைஞ்சிருக்கு. மழை இல்லாததாலன்னு நினைச்சிட்டிருந்தேன். இப்பதான் தெரியுது, எங்க போகுதுன்னு."

அவள் சிரிக்கவில்லை. படம் சரியாக விழுந்ததா என்று மட்டும் கேட்டாள்.

அங்கே படகு கிடையாது. ஏரியின் இரு முனையிலும் இரும்புக் கோபுரங்கள், அவற்றுக்கிடையே உயரத்தில் ஒரு கம்பி, கம்பியோடு ஓடும் உருளையிலிருந்து தொங்கும் நீளக் கயிறு, கயிற்றின் முனையில் கைப்பிடி. மோட்டார் கம்பியை இழுக்க, கைப்பிடியைப் பற்றியவர் கால்களைப் பலகையில் பூட்டிக்கொண்டு நீர்மேல் வழுக்கிப் போகலாம். வேக்போர்டு என்று பெயர். மோட்டாரின் வேகம் கரையோரக் கண்ணாடி அறையில் இருப்பவரின் கையில் உள்ள லிவரில் இருக்கிறது. அந்த அறையில் பதினான்கு ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவர் அவளுடைய கணவர். ஏரிக்கு வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அவருடைய பெயர் தெரியாது. லிவர்க்காரர் என்றால் தெரியும்.

பதின்மூன்று ஆண்டுகள் அவள் நீரில் கால்கூட நனைத்ததில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கணவருக்குச் சாப்பாடு கொண்டுவருவாள், மகள் சறுக்குவதைப் பார்ப்பாள், ஈரத்துணிகளை வாங்கிக்கொண்டு போய்விடுவாள். மகள் பத்தொன்பது வயதில், இரண்டு விமானம் மாறிப் போகவேண்டிய தொலைவில் உள்ள ஒரு பெரிய ஏரிக்குப் பயிற்சியாளராகப் போனாள். மூன்று ஆண்டுகளாக வீட்டுக்கு வரவில்லை. மாதத்துக்கு இரண்டு முறை பேசுவாள். சாப்பிட்டாயா, வேலை எப்படி, அங்கே வெயிலா என்பதோடு பேச்சு தீர்ந்துவிடும். அப்பாவிடம் கொடுக்கட்டுமா என்றால் அவசரமாக ஏதோ வேலை வந்துவிடும்.

போன வருடம் ஒருநாள், பேச எதுவும் கிடைக்காமல், நானும் ஒருதடவை அந்தப் பலகையில் நின்று பார்க்கட்டுமா என்று அவள் கேட்டு வைத்தாள். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனையோ மாதமாகியிருந்தது.

"நின்னா மட்டும் பத்தாது. நீ ஒரு பேக் ரோல் போடும்மா. நானே வந்து பாக்குறேன்."

பேக் ரோல் என்பது ஓடும் வேகத்திலேயே காற்றில் எழும்பி, தலைகீழாக ஒரு சுற்று சுற்றி, மறுபடி பலகையிலேயே இறங்குவது. மகள் விளையாட்டாகச் சொன்னாள். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

முதல் கோடையில் நிற்கக் கற்றாள். பிறகு ஒரு கையை விட்டுப் போக, பின்னோக்கித் திரும்பிப் போக, விரலளவு உயரம் துள்ள. ஒவ்வொன்றுக்கும் தபால்காரர் படமெடுத்துக் கொடுப்பார், இவள் மகளுக்கு அனுப்புவாள். அன்று மாலைக்குள் பதில் வந்துவிடும். 'முட்டி விறைப்பா இருக்கு.' 'கை மடங்குது, நேரா வை.' 'தண்ணிய பாக்காதே. தல எங்க பாக்குதோ உடம்பு அங்கதான் போகும்.' நலம் விசாரிக்கும்போது நான்கு வார்த்தைக்கு மேல் பேசாத பெண், அம்மாவின் கால் கட்டைவிரல் பலகையை எப்படி அழுத்தவேண்டும் என்று பத்து வரி எழுதினாள். இவள் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில், லென்ஸ் வெட்டும் இயந்திரத்துக்கு மேலே, அந்தக் குறிப்புகளைத் தாளில் எழுதி ஒட்டிவைத்தாள். ஒரு வாரம் விழாமல் போனால் மகளுக்கு எழுத ஒன்றும் இருக்காதே என்றுகூட அவளுக்குத் தோன்றியதுண்டு. ஆனால் வந்து பாக்குறேன் என்று சொன்னது பேக் ரோலுக்கு.

இரண்டாவது கோடையில் அதைத் தொடங்கினாள். மகளின் பழைய லைஃப் ஜாக்கெட்டைத்தான் போட்டுக்கொண்டாள். தோளில் இறுக்கம், ஜிப் கடைசிவரை ஏறாது. மகளின் அறைச் சுவரில் பலகை தொங்கிய இரண்டு ஆணிகள் மட்டும் மிச்சம்.

ஜூன் முழுக்க விழுந்தாள். ஜூலையிலும் விழுந்தாள். கம்பியிலிருந்து விலகி வெளிப்பக்கம் அழுத்திப் போகவேண்டும், கயிறு வீணைத் தந்திபோல முறுகும், அந்த முறுக்கம்தான் ஆளைத் தூக்கும் என்று மகள் எழுதியிருந்தாள். இவள் அழுத்திப் போனாள். கயிறு முறுகியது. கிளம்பும் நொடியில் தூக்க எதுவுமே இல்லாததுபோல் உடம்பு பாதிவழியில் நின்று, முதுகு நீரில் அறைந்தது. வயதாகிவிட்டது என்றாள் ஏரிக்கரையில் கடை நடத்தும் பெண். முட்டியைச் சோதித்துப் பார்க்கச் சொன்னார் தபால்காரர். கணவர் இரவில் முதுகுக்குத் தைலம் தேய்த்துவிட்டார், வெகு கவனமாக.

ஆகஸ்ட் முதல் வாரம் ஐந்து படங்களை ஒரேயடியாக அனுப்பினாள். ஒரு வாரம் பதில் இல்லை. பிறகு, கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், மகள் தானாகவே அழைத்தாள்.

"அம்மா, உன் மேல தப்பே இல்ல."

"அப்புறம் ஏன்டி விழறேன்?"

"கயிறப் பாரு. நீ கிளம்பறதுக்கு அரை செகண்டு முன்னாடி தொய்யுது. எல்லா வீடியோலயும் தொய்யுது."

"காத்தா இருக்குமோ?"

மகள் கேட்டாள். "லிவர்ல யாரு?"

"அப்பாதான். வேற யாரு?"

"அப்போ அப்பாகிட்ட கேளு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அன்று மாலை கடையடைத்த பிறகு, கண்பரிசோதனை அறையின் பெரிய திரையில் அவள் எல்லாப் படங்களையும் போட்டுப் பார்த்தாள். ஒரு லென்ஸின் அச்சு இரண்டு டிகிரி பிசகினாலும் வெறுங்கண்ணால் சொல்லிவிடுவாள் என்று கடையில் அவளுக்குப் பெயர் உண்டு. இத்தனை நாளும் அவள் பார்த்ததெல்லாம் தன் முட்டியையும் தன் தலையையும். இப்போது கயிற்றைப் பார்த்தாள். படத்தை நொடிநொடியாக நிறுத்தினாள். முறுகி நேர்க்கோடாக நின்ற கயிறு, அவள் பலகை நீரைவிட்டு எழும் இடத்தில், ஒரு புன்னகை அளவுக்கு வளைந்தது. பதினேழு படங்களிலும் அதே இடம்.

வீட்டில் கணவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். அவள் கைப்பையைக்கூட இறக்காமல் கேட்டாள்.

"நான் கிளம்பறப்போ லிவரைக் குறைக்கிறீங்களா?"

அவர் தட்டைக் கழுவி முடித்தார். கழுவிய தட்டையே மறுபடி எடுத்துக் கழுவினார்.

"கை தானா போகுதும்மா. வேணும்னு செய்யறதில்ல."

"அவளுக்கும் இப்படித்தான் போச்சா?"

அவர் குழாயை மூடினார். பிறகு சொன்னதெல்லாம் அவள் அறியாதது. பதினாறு வயதில் மகளுக்குத் தோள்பட்டை கழன்றது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் உடனிருந்தவள் அவள்தான். அன்றைக்கு மகள் கெஞ்சியதால் அவர் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தார் என்பது தெரியாது. அதற்குப் பிறகு மகள் எழும்பப் போகிறாள் என்று தெரிந்த கணமே அவர் மணிக்கட்டு லிவரைப் பின்னுக்கு இழுத்தது. மகள் இரண்டு வருடம் பேக் ரோலுக்கு முயன்று இரண்டு வருடமும் விழுந்தாள். எனக்கு வராது போலிருக்கு என்று அழுதாள். அவர் ஐஸ் வாங்கிக் கொடுத்துத் தேற்றினார். பிறகு ஒரு வார முகாமுக்கு வெளியூர் ஏரி ஒன்றுக்குப் போனவள், முன்பின் தெரியாத ஒருவர் லிவரைப் பிடித்திருக்க, நாலாவது நாள் முதல் முயற்சியிலேயே போட்டுவிட்டாள். திரும்பி வந்து நேரே கண்ணாடி அறைக்குப் போய்க் கேட்டாள்.

"நான் குறைச்சதே இல்லன்னு சொன்னேன்" என்றார் அவர். "அவ என் கையவே பாத்துக்கிட்டு நின்னா. அடுத்த மாசம் கிளம்பிட்டா."

"மூணு வருஷமா என்கிட்ட சொல்லல நீங்க."

"எப்படிச் சொல்றது? வேலை கிடைச்சுது, போனான்னு நீ ஊரெல்லாம் பெருமையா சொல்லிட்டிருந்தே."

அவள் அன்று சாப்பிடவில்லை. மகளுடைய அறையில் போய் உட்கார்ந்து அந்த இரண்டு ஆணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை காலமும் அவள் வேலையைத்தான் திட்டிவந்திருந்தாள். தொலைவை, விமான நேரங்களை. அடுத்த அறையில் உட்கார்ந்திருந்த மனிதரை ஒருநாளும் திட்டியதில்லை. இப்போது திட்டலாம் என்றால், தைலம் தேய்த்த அந்தக் கை நினைவுக்கு வந்தது.

விஷயம் தெரிந்ததும் தபால்காரர், தான் ஒருநாள் லிவரைப் பிடிப்பதாகச் சொன்னார். தபால் பையைப் பிடித்த கைக்கு நடுக்கமே வராது என்றார். அவள் வேண்டாம் என்றாள். வேறொருவர் பிடித்துத் தானும் போட்டுவிட்டால், மகளுக்கு நடந்ததே இன்னொரு முறை நடந்ததாகும், அவ்வளவுதான்.

"நீங்கதான் புடிக்கணும்" என்றாள் கணவரிடம். "நான் விழுந்தா விழறேன். அது என் விழுகையா இருக்கட்டும்."

அவர் லிவரின் பக்கத்தில் மணிக்கு முப்பது கிலோமீட்டர் குறியில் சிவப்பு டேப் ஒட்டினார். முதல் ஞாயிறு டேப்பிலிருந்து கை ஆறு முறை நழுவியது. நீரிலிருந்தே அவளுக்குத் தெரிந்தது. இப்போது கயிற்றின் தொய்வைக் கையில் உணரக் கற்றிருந்தாள். ஒவ்வொரு முறையும் கரையேறி, கண்ணாடிக்கு வெளியே நின்று, கயிறு தொய்ந்ததென்று ஒரு விரலை வளைத்துக் காட்டினாள். அடுத்த ஞாயிறு அவர் கண்ணை மூடிக்கொண்டு லிவரைப் பிடித்துப் பார்த்தார். ஏரிக்கரையில் கடை நடத்தும் பெண்தான் ஏரிக்கும் முதலாளி. அதைக் கண்டுவிட்டு அறைக்கே வந்து சத்தம்போட்டாள். பதினான்கு வருட அனுபவம் உள்ளவர் கண்ணை மூடிக்கொண்டு ஆளை இழுப்பாரா, இன்னொரு முறை பார்த்தால் லிவரைத் தானே பிடுங்கிக்கொள்வேன் என்றாள்.

அதற்கடுத்த ஞாயிறு, செப்டம்பர் 8, காலையில் ஏரியில் நான்கே பேர். அவர் அறையின் கதவைத் திறந்து வைத்திருந்தார். அவள் மரத்தளத்தில் உட்கார்ந்து கைப்பிடியைப் பற்றி, தலையசைத்தாள். மோட்டார் முனகியது. இரண்டு சுற்று சும்மா போனாள். மூன்றாவதில், இரண்டாம் கோபுரத்தை நோக்கி வெளிப்பக்கம் அழுத்தத் தொடங்கினாள்.

அவர் அவளைப் பார்க்கவில்லை என்று தபால்காரர் பிறகு சொன்னார். கண் திறந்திருந்தது, ஆனால் கயிற்றை மட்டும் பார்த்தார், உருளையிலிருந்து பாதி நீளம்வரை, அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்றே தெரியாதவர்போல. இடக்கை நாற்காலியின் கைப்பிடியைக் கவ்வியிருந்தது. வலக்கை டேப்பில் இருந்தது.

கயிறு முறுகியது. முறுகியபடியே இருந்தது. அவளை யாரோ இடுப்பைப் பிடித்துத் தூக்கியதுபோல நீர் கீழே போயிற்று. வானம் ஒரு தடவை காலடியில் வந்தது. பிறகு பலகை மடாரென்று நீரில் பட்டது. முட்டி மார்பில் இடித்தது. ஒரு கை நீரைத் தொட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் பலகை காலுக்குக் கீழே இருந்தது, அவள் பலகைமேல் இருந்தாள், கயிறு அவளை இழுத்துக்கொண்டு போயிற்று. கோபுரம்வரை போய், திரும்பவேண்டிய இடத்தில் திரும்ப மறந்து, கைப்பிடியை விட்டுவிட்டு மெதுவாக நீருக்குள் இறங்கினாள்.

தபால்காரர் சொல்ல எதையோ தேடுவதுபோல் கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவள் கரைக்கு நீந்தி வந்தபோது கணவர் மோட்டாரை நிறுத்திவிட்டு வெளியே நின்றிருந்தார். வலது மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவள் வாயில் ரத்தம் இருந்ததால் பேச முடியவில்லை. துண்டை எடுத்துக் கொடுத்தவர், அந்தப் படத்தைத் தன் கைபேசிக்கு அனுப்பும்படி தபால்காரரிடம் கேட்டார். மூன்று ஆண்டுகளாக அந்தக் கைபேசியிலிருந்து மகளுக்கு எதுவும் போனதில்லை. மரத்தளத்தின் ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு விரலால், நீண்ட நேரம் தட்டினார். அனுப்புவதற்கு முன் மனைவியிடம் காட்டினார்.

'லிவர்ல நான்தான். அன்னிக்கு நீ கேட்டப்போ பொய் சொன்னேன். குறைச்சது நான்தான்.'

அவள் படித்துவிட்டுக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அனுப்பினார்.

திங்கட்கிழமை பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை இல்லை. கடையில் அவள் ஒரு வாடிக்கையாளரின் வலதுகண் லென்ஸை இடப்பக்கம் பொருத்திவிட்டாள். அந்த வேலைக்குச் சேர்ந்த பிறகு முதல்முறை. புதன்கிழமை காலை அவளுடைய கைபேசிக்கு அல்ல, அவருடைய கைபேசிக்கு வந்தது.

'கயிறு தொய்யல. பாத்தேன்.' கொஞ்சம் கழித்து இன்னொன்று. 'அம்மாவ இறங்கறப்போ முட்டிய மடக்கச் சொல்லு.' மாலையில் மூன்றாவது. 'கோடையில வர முடியாது, இங்க சீசன். ஏப்ரல் 11லேருந்து 19 வரை லீவு கேட்டிருக்கேன்.'

அந்த ஏரியில் கம்பி குளிர்காலத்துக்காக அக்டோபர் முடிவில் இறக்கப்பட்டு, மே முதல் வாரம்தான் மறுபடி ஏற்றப்படும். லிவர்க்காரர் வரும் ஆண்டு மூன்று வாரம் முன்னதாகக் கம்பியை ஏற்ற அனுமதி கேட்டு முதலாளிக்கு ஒரு கடிதம் எழுதினார். தினமும் பார்த்துப் பேசுகிறவளுக்கு அவர் கடிதம் எழுதியது அதுவே முதல்முறை. தண்ணீர் பல்லைக் கிட்டவைக்கும், யார் இறங்குவார்கள் என்று முதலாளி கேட்டாள். அவர் மகள் வரும் தேதியைச் சொன்னார்.

முதலாளி ஒத்துக்கொண்டாள்.