கைமட்டிப் பிரிவுக்கு ஒரு நாற்காலி

வாரியத்தில் மொத்தம் பதினொரு நாற்காலி. விசைப்படகு முதலாளிகளுக்கு இரண்டு, சிறுவலைக்காரர்களுக்கு இரண்டு, மீன் பதப்படுத்தும் தொழிற்சாலைகளுக்கு இரண்டு, அதிகாரிகளுக்கு இரண்டு, வியாபாரிக்கு ஒன்று, ஆராய்ச்சியாளருக்கு ஒன்று. எல்லோருக்கும் கொடுத்தது போக மிச்சம் இருந்த ஒன்று, கழிமுகத்துச் சேற்றுத்திட்டில் கையால் மட்டிச் சிப்பி பொறுக்கும் பெண்களுக்கு. அந்த வட்டாரத்தில் தொழிற்சாலை இருப்பதே இரண்டுதான். மட்டி பொறுக்கும் பெண்களோ முந்நூற்றுப் பத்து பேர். இரண்டு முதலாளிக்கு இரண்டு நாற்காலி, முந்நூறு பெண்களுக்கு ஒன்று. இதற்குச் ‘சமநிலைப் பிரதிநிதித்துவம்’ என்று பெயர் வைத்து, வட்டமாக ஒரு படம் வரைந்து, வண்ணம் தீட்டி, கண்ணாடி போட்டுக் கூட்ட அறையில் மாட்டியும் விட்டார்கள். வெட்கம் என்று ஒன்று இருந்தால் மாட்டுவார்களா?

ஆனால் அந்த ஒரு நாற்காலி கிடைப்பதற்கே ஏழு வருஷம் மனு எழுத வேண்டியிருந்தது. கிடைத்த அன்று பெண்கள் கூடி, தங்களில் வாய் உள்ளவளைப் பார்த்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவளுக்கு ‘மெம்பர்’ என்றே பெயர் ஆகிவிட்டது. முதலில் கேலிக்குத்தான் கூப்பிட்டார்கள். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. கட்டிய புருஷன்கூட, “மெம்பரே, சாப்பாடு உண்டா இல்லையா?” என்பான். அவள் முறைப்பாள். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி ஓடும். ஓடாது என்று சொன்னால் அது பொய்.

முதல் கூட்டத்திலேயே மெம்பர் எழுந்து நின்று ஒரு விதி கேட்டாள்.

“ஐயா, நாங்க இல்லாத நேரம் பார்த்து நீங்க பாட்டுக்கு முடிவு எடுத்துடுவீங்க. அது நடக்கக் கூடாது. எந்தப் பிரிவுன்னாலும் சரி, ஒரு ஆளாவது வந்து உட்கார்ந்திருக்கணும். வரலைன்னா அன்னிக்கு ஓட்டெடுப்பே கிடையாதுன்னு எழுதுங்க.”

தலைவர் அந்த இரண்டு அதிகாரிகளில் ஒருவர், ஓய்வுபெறப் போகிறவர். யாரிடமும் முகம் கோணாமல் காலத்தை ஓட்டியவர். “அருமை! இதுதான் உண்மையான சமநிலை!” என்று அவரே முதலில் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். அதோடு கூட ஒரு வரியையும் சேர்த்துக்கொண்டார்கள்: வாக்கெடுப்பு மூன்று முறை தள்ளிப்போனால் அந்தப் பொருள் கைவிடப்படும். அதைப் பற்றி மெம்பர் அப்போது ஒன்றும் யோசிக்கவில்லை. தான் கேட்டதை அச்சில் பார்த்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அவள் அப்படி ஒரு விதியைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. திட்டில் அவர்களுக்கு என்று ஒரு நடைமுறை உண்டு. நீர் வற்றும்போது பெண்கள் எல்லோரும் கரையில் வரிசையாக நிற்க வேண்டும். எத்தனை தலையோ அத்தனை கீற்றாகத் திட்டைப் பிரித்துக்கொள்வார்கள். நீர் வடிந்து திட்டு தலைகாட்டும் நேரத்தில் கரையில் நிற்காதவளுக்கு அன்றைக்குக் கீற்று இல்லை. காய்ச்சல் என்றாலும் இல்லை, மாமியார் செத்தாள் என்றாலும் இல்லை. நிறைமாதக்காரிகூட வந்து நின்று கீற்றை வாங்கி, தங்கச்சியையோ நாத்தனாரையோ இறக்கிவிட்டுக் கரையில் உட்கார்ந்திருப்பாள். பன்னிரண்டு வயதிலிருந்து மெம்பர் ஒரு வற்றத்தைக்கூடத் தவறவிட்டதில்லை. வராதவள் இழப்பாள் என்பது அவளுக்கு எலும்பில் ஊறிய பாடம்.

அந்த வருஷமே அவள் வாரிப் படகுகளைத் தடை செய்யச் சொல்லித் தீர்மானம் கொண்டுவந்தாள். இரும்புச் சட்டத்தைக் கட்டி இழுத்து அடித்தரையையே சுரண்டி எடுக்கும் படகுகள் அவை. குஞ்சு, குட்டி என்று பார்ப்பதில்லை. கழிமுகத்துக்கு வெளியே கடலடியில் இருந்த மணல்மேட்டை இரண்டே வருஷத்தில் மொட்டையாக்கியிருந்தன. கூட்டத்தன்று விசைப்படகு முதலாளிகள் இருவரும் வரவில்லை. பெரியவருக்குக் காய்ச்சலாம். சின்னவருக்கு மாமனார் வீட்டில் ஏதோ அவசரமாம். தள்ளி வைத்தார்கள். அடுத்த முறையும் அதே காய்ச்சல், அதே மாமனார். மூன்றாம் முறையும் தள்ளிப்போக, தீர்மானத்தைத் தூக்கிக் கிடப்பில் போட்டுவிட்டார்கள்.

“பயந்தாங்கொள்ளிங்க” என்றாள் மெம்பர், வீட்டுக்கு வந்து. “நேருக்கு நேரா பேச வக்கில்லாம ஓடி ஒளியுறானுங்க.”

அவள் நாத்தனார் மட்டியை வேகவைத்து ஓடு கழித்துக்கொண்டிருந்தாள். புருஷனின் தங்கை. வாயைத் திறக்க மாட்டாள், திறந்தால் சுருக்கென்று தைக்கும்.

“ஓடலை அண்ணி. ஜெயிச்சிட்டானுங்க.”

மெம்பர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எட்டு மாதம் கழித்து வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. கழிமுகத்தில் மட்டி வளம் குறைந்துவிட்டதால், சேற்றுத்திட்டை மூன்று வருஷத்துக்கு மூடிவைக்கத் தீர்மானம் வருகிறதாம். திட்டில் குஞ்சு பெருகினால் நீரோட்டத்தில் வெளி மணல்மேட்டுக்கும் போய்ச் சேருமாம், வளம் மீளுமாம். வெளி மணல்மேட்டில் வாரிப் படகு ஓடலாமா கூடாதா என்பதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. கொள்ளையடித்தவன் வீட்டு உலை கொதிக்க, பறிகொடுத்தவள் அடுப்பை அணைக்க வேண்டும். மூன்று வருஷம் திட்டில் இறங்கவில்லை என்றால் முந்நூறு வீட்டிலும் சட்டி காய வேண்டியதுதான். வேறு தொழில் தெரியாது, வேறு இடமும் கிடையாது.

“அண்ணி, நீங்க போகாதீங்க” என்றாள் நாத்தனார்.

“என்னடி உளர்றே?”

“போகாதீங்கன்னா போகாதீங்க. நம்ம பிரிவுக்கு இருக்கிறது நீங்க ஒருத்தர்தான். நீங்க போகலைன்னா ஓட்டெடுப்பு கிடையாது. நீங்க எழுதச் சொன்ன விதிதானே? மூணு தடவை காய்ச்சல்னு படுங்க. கஞ்சி நான் கொண்டுவந்து கொடுக்கறேன்.”

“அவனுங்க செஞ்ச அதே ஈனத்தனத்தை என்னையும் செய்யச் சொல்றியா?”

“செஞ்சவன் இன்னிக்கும் படகை ஓட்டிக்கிட்டுத்தானே இருக்கான்?”

மெம்பருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஏழு வருஷம் மனு எழுதினது எதுக்கு? போர்த்திப் படுத்துக்கவா? நாளைக்கு ஒருத்தன் சொல்லுவான், பொம்பளைக்கு நாற்காலி கொடுத்தோம், பயந்து வரலைன்னு. உனக்கென்ன, வீட்ல உட்கார்ந்து பேசிடுவே. கணக்குப் போட்டுப் பார்த்துட்டேன், கேளு. நான் ஒண்ணு. சிறுவலைக்காரங்க ரெண்டு பேரும் நம்ம பக்கம், வாரிப் படகு அவங்க வலையையும்தானே அறுக்குது? மூணு ஆச்சா? வியாபாரி நம்ம மட்டியிலதான் பிழைக்கறார். நாலு. ஆராய்ச்சியாளர் என்கிட்டயே சொன்னார், திட்டுல குறையலை, வெளியிலதான் குறைஞ்சிருக்குன்னு. அஞ்சு. அந்த அதிகாரி அம்மா நல்ல மாதிரி. ஆறு. பதினொண்ணுல ஆறு! பேசியே ஜெயிக்கலாம்டி.”

நாத்தனார் அடுத்த மட்டியை எடுத்தாள். ஓட்டைக் கழித்துக் கழித்து ஒரு பக்கம் எறிந்துகொண்டிருந்தாள். கடைசியில், “வாக்கு கொடுத்தாங்களா, இல்ல தலையாட்டினாங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

“‘ஆம்பளை சொல்லும்மா, நம்பலாம்’னாரு வலைக்காரர்” என்று அவர் குரலிலேயே சொல்லிச் சிரித்தாள் மெம்பர்.

கூட்டத்தன்று வாசலில் வாரியத்து ஜீப் வந்து நின்றது. எந்நாளும் இரண்டு பஸ் மாறி, வியர்த்து விறுவிறுத்துப் போய்ச் சேர்பவளுக்கு அன்றைக்கு ஜீப்! டிரைவர் இறங்கிக் கதவைத் திறந்துவிட்டான். தெருவே பார்த்தது. பாவி மனசு, அந்த நிமிஷத்தில் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஏன் அனுப்பினார்கள் என்று ஒரு கேள்வி எழ வேண்டாமா? எழவில்லை.

கூட்ட அறையில் நீள மேஜை, ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில், பெயர் எழுதிய அட்டை. காய்ச்சல்காரரும் மாமனார் வீட்டுக்காரரும் குத்துக்கல் மாதிரி முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் தலைவரின் முகம் மலர்ந்தது. “வாங்கம்மா, வாங்க! எங்கே வராம போயிடுவீங்களோன்னு கவலையா இருந்துச்சு” என்றார். அப்போதுதான் மெம்பருக்கு நாத்தனார் சொன்னது ஞாபகம் வந்தது. ஆனால் உட்கார்ந்தாகிவிட்டது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள்.

பேசினாள். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்கு அவள் பேசிய மாதிரி அந்த அறையில் யாரும் பேசியதில்லை. கட்டைவிரல் கணுவைவிடச் சின்ன மட்டியைத் தாங்கள் திருப்பிப் புதைப்பதைச் சொன்னாள். திட்டில் மூன்றில் ஒரு பங்கை எப்போதும் தொடாமல் ஆறப்போடுவதைச் சொன்னாள். “எங்க அம்மா பொறுக்கின இடத்துல நான் பொறுக்கறேன். குறைஞ்சிருந்தா நான் எப்படிங்க பொறுக்குவேன்? குறைச்சவங்க இதோ எதிர்ல உட்கார்ந்திருக்காங்க. அவங்களைக் கேளுங்க!” என்று கையை நீட்டினாள். பெரிய முதலாளி நீட்டிய கையைப் பார்க்காமல் பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். ஆராய்ச்சியாளர் எழுந்து, அம்மா சொல்வது சரி, கணக்கும் அப்படித்தான் காட்டுகிறது என்றார். தலைவர் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். எழுத்தர் வரி விடாமல் குறித்தார்.

கை தூக்கச் சொன்னார்கள்.

மூடலாம் என்று முதலில் உயர்ந்த கைகளில் சிறுவலைக்காரர்கள் இரண்டு பேரின் கையும் இருந்தது. மெம்பர் தன் கண்ணையே நம்பவில்லை. கரையோரம் மூன்று மைலுக்குள் வாரிப் படகு வராது என்று விசைப்படகு முதலாளிகள் முதல் நாளே அவர்களோடு பேசி முடித்திருந்தார்கள். அவர்கள் வலை பிழைத்தது, போதும். ஆம்பளை சொல்லாம், ஆம்பளை சொல்லு! அதிகாரி அம்மா தலைவரைப் பார்த்தாள், பிறகு மேஜையைப் பார்த்தாள், அரைக்கையாகத் தூக்கினாள். வியாபாரி நடுநிலை என்றார். தொழிற்சாலைக்காரர்களுக்கும்தானே அவர் மட்டி விற்கிறார்? எட்டுக்கு இரண்டு.

எழுத்தர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்: “விதிப்படி அனைத்துப் பிரிவினரும் கலந்துகொண்டு, கைமட்டிப் பிரிவின் கருத்து விரிவாகக் கேட்கப்பட்டு, தீர்மானம் நிறைவேறியது.”

“நான் எழுந்து போறேன்” என்றாள் மெம்பர். வருகைப் பதிவேட்டைக் கைகாட்டினாள். “நான் இல்லை. நான் வரலை. அடிச்சுடுங்க என் கையெழுத்தை.”

“அதெப்படிம்மா? வந்தாச்சே” என்றார் தலைவர், மெத்தக் கனிவாக.

வராந்தாவில் டீ கொடுத்தார்கள். பெரிய முதலாளி தேடி வந்து பக்கத்தில் நின்றார். குத்திக்காட்ட வந்தவர்போலத் தெரியவில்லை, அதுதான் கொடுமை. உண்மையான மரியாதையோடு சொன்னார்: “நல்ல விதிம்மா நீங்க கொண்டுவந்தது. இல்லைன்னா நாளைக்குக் கோர்ட்டு, கேஸுன்னு யாராவது இழுத்தடிப்பாங்க. இப்ப ஒருத்தரும் அசைக்க முடியாது.” மெம்பருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. டீயைக் குடிக்காமல் ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, இரண்டு பஸ் மாறி வீடு வந்தாள்.

பெண்கள் முற்றம் நிறைய உட்கார்ந்திருந்தார்கள். அவளாகவே சொன்னாள், ஒன்று விடாமல், ஜீப்பில் ஏறியபோது பெருமையாக இருந்தது உட்பட. கடைசியில் ஒருத்தி மட்டும், “பேசினீங்களா மெம்பரே?” என்றாள்.

“பேசினேன்.”

“கேட்டாங்களா?”

“கேட்டாங்க. நல்லாத்தான் கேட்டாங்க” என்று சொல்லி மெம்பர் ஓவென்று அழுதாள்.

அடுத்த வாரம் திட்டின் ஓரம் முழுக்கக் கம்பு நட்டுக் கயிறு கட்டினார்கள். காக்கிச் சட்டை போட்ட காவலாளி ஒருவன் வந்து நின்றான். நீர் வற்றத் தொடங்கியதும் முந்நூற்றுப் பத்து பேரும் கூடையோடு போய் வழக்கம்போல வரிசையாக நின்றார்கள். கயிற்றைத் தாண்ட வேண்டும் என்றோ சண்டை போட வேண்டும் என்றோ யாரும் பேசி வைத்துக்கொண்டு போகவில்லை. கால்கள் தானாக வந்துவிட்டன. கண்முன்னால் திட்டு மெல்ல மெல்ல வெளியே வந்தது. சேற்றில் மட்டிகள் நீரைப் பீய்ச்சுவது கரையிலிருந்தே தெரிந்தது.

காவலாளி வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து, மெம்பருக்கு முன்னால் நின்று கையில் இருந்த தாளைப் பார்த்தான். சட்டென்று விறைப்பாக ஒரு சலாம் வைத்தான்.

“நீங்க வாரிய உறுப்பினர்தானேம்மா? உங்க பேர் இதுல இருக்கு. உறுப்பினருங்க உள்ள போய்ப் பார்வையிடலாம். கூடை மட்டும் கூடாது.”

கயிற்றைத் தூக்கிப் பிடித்தான், குனிந்து போக வாகாக. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மெம்பர் அசையவில்லை. கூடையை இரண்டு கையாலும் இடுப்போடு இறுக்கிக்கொண்டு நின்றாள்.

நாத்தனார் வந்து அந்தக் கூடையை அவள் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

“போங்க அண்ணி” என்றாள். “எல்லாருக்கும் சேர்த்துப் பார்த்துட்டு வாங்க. அதுக்குத்தானே உங்களை அனுப்பினோம்.”